ரிப்போர்ட் வந்ததும் கால் ஏன் தளர்ந்தது?

கேள்வி: எனக்கு 40 வயது. ஜிம்மில் நான்கு மாதமாக எச்.ஐ.ஐ.டி. (விட்டுவிட்டுத் தீவிரமாகச் செய்யும் பயிற்சி) செய்கிறேன்: ட்ரெட்மில்லில் நான்கு நிமிடம் வேகமாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு ரவுண்டு. போன மாதம் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன், தாங்குதிறன் குறைவு என்று வந்தது. அதிலிருந்து மூன்றாவது ரவுண்டிலேயே இறங்கிவிடுகிறேன். ஈசிஜி, டிஎம்டி (ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) இரண்டும் போன வாரம் எடுத்தேன், நார்மல். இது உடம்பா, மனசா?

பதில்: "அதிலிருந்து" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. மூன்று மாதம் நான்கு ரவுண்டும் முடித்த அதே கால்தான் இப்போதும் ஓடுகிறது, நடுவில் வந்தது ஒரு காகிதம்.

ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு அப்படியே உங்கள் கதை. ஆட்களை ட்ரெட்மில்லில் களைத்துப் போகும்வரை ஓடவிட்டு, அப்புறம் இன்னொரு நாள் கூப்பிட்டு, சிலரிடம் "உங்கள் மரபணு இதற்கு ஒத்துவராது" என்றும் மற்றவர்களிடம் "ஒத்துவரும்" என்றும் சொன்னார்கள், உண்மையில் யாருக்கு என்ன மரபணு என்பதைப் பொருட்படுத்தாமல், சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. மறுபடி ஓடியபோது, ஒத்துவராது என்று கேட்டவர்கள் முன்னைவிடச் சீக்கிரம் நின்றுவிட்டார்கள். அவர்கள் மூச்சில் வெளியேறிய கார்பன் டை ஆக்சைடின் உச்ச அளவுகூடக் குறைந்திருந்தது. அதனால் "எல்லாம் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், உங்களுக்கு நிஜமாகவே முடியாமல்தான் போகிறது.

அந்த ரிப்போர்ட்டை மூடி வையுங்கள். கடையில் வாங்குகிற மரபணுப் பரிசோதனையை வைத்துப் பயிற்சியை முடிவு செய்யக் கூடாது என்று விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் 2015லேயே கூட்டாகச் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று, உங்கள் ட்ரெய்னர் கடைசி நேரத்தில் "இன்னும் ஒண்ணு போடலாம் சார்" என்பவரா? பத்து நிமிடம் என்று சொல்லி ஓடவிட்டு, பத்தாவது நிமிடத்தில் இன்னும் பத்து என்றார்கள் ஒரு சோதனையில். வேகம் துளியும் கூட்டவில்லை, ஆனாலும் அந்த நொடியே சிரமம் ஏறிவிட்டதாக ஓடியவர்கள் சொன்னார்கள். எத்தனை ரவுண்டு என்பதை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள், நடுவில் மாற்ற வேண்டாம்.

இரண்டு வாரம் மூன்று ரவுண்டுதான் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பாதியில் விட்டதாக வீட்டுக்குப் போகிறீர்கள், அப்போது முடித்துவிட்டுப் போவீர்கள். மறுநாள் ஷூ மாட்டும்போது இந்த வித்தியாசம் தெரியும். அப்புறம் நான்காவதைச் சேருங்கள். வேகமான நிமிடங்களில் நாடித்துடிப்பு உங்கள் வயதுக்கு உத்தேசமாக 153 முதல் 171க்குள் இருந்தால் போதும், அதையும் முதல் நிமிடத்திலேயே எட்டப் பார்க்காதீர்கள், மெல்ல ஏறட்டும். மூன்றாவது ரவுண்டில் மூச்சு வாங்கத்தான் செய்யும், எல்லோருக்கும் வாங்கும், பயிற்சி வேலை செய்கிற இடமே அதுதான்.

ஆனால் நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், இடது கையிலோ தாடையிலோ வலி என்று வந்தால் அதை மனசின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். டிஎம்டி நார்மல் என்றாலும் சரி, உடனே நிறுத்திவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.