இரும்புச்சத்து ரிப்போர்ட் ‘நார்மல்’. அசதி மட்டும் போகவில்லை

கேள்வி: வயது 36. குடியாத்தத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். ஆறேழு மாதமாகத் தீராத அசதி. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மருந்துக்கடையில் கொடுத்த இரும்பு மாத்திரையைப் பத்து நாள் சாப்பிட்டுவிட்டு வேலூரில் டெஸ்ட் எடுத்தேன். அன்று காலையிலும் மாத்திரை போட்டிருந்தேன். ஹீமோகுளோபின் 12.1, எம்சிவி (ரத்தச் சிவப்பணுவின் சராசரி அளவு) 81, சீரம் அயன் 112, டிஐபிசி 438, ஃபெரிட்டின் 11. எல்லாம் நார்மல் என்கிறார் டாக்டர். 3,500 ரூபாய்க்கு ‘முழு உடல் பேக்கேஜ்’ எடுத்தால்தான் காரணம் தெரியும் என்கிறார் லேப் ஆள். எடுக்கலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். காரணம் உங்கள் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கிறது. உங்கள் உடம்பில் இரும்புக் கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. அதைச் சொல்வது ஃபெரிட்டின் 11 என்ற எண்.

நெல் சேமித்து வைக்கும் குதிர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபெரிட்டின் என்பது குதிரில் இருக்கும் நெல். சீரம் அயன் என்பது அந்த நேரத்தில் வண்டியில் போய்க்கொண்டிருக்கும் நெல். ஹீமோகுளோபின் உலையில் வெந்த சோறு. குதிர் காலியான பிறகும் கொஞ்ச நாளைக்குச் சோறு வெந்துகொண்டுதான் இருக்கும். உங்கள் ஹீமோகுளோபின் இன்னும் 12.1-இல் நிற்பது அப்படித்தான். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்று பெயர் வைப்பார்கள். ஆனால் அசதி அதற்கு முன்பே வந்துவிடும்; முடியும் அதற்கு முன்பே கொட்டும்.

பிறகு ஏன் ‘நார்மல்’ என்று வந்தது? ஃபெரிட்டின் எண்ணுக்குப் பக்கத்தில் லேப் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். பல லேப்களில் பெண்களுக்கு 10 முதல் 290 வரை என்பதுபோல் ஏதாவது இருக்கும். 10-க்கு மேலே 11 இருப்பதால் கம்ப்யூட்டர் அதைத் தடித்த எழுத்தில் போடவில்லை; தடித்த எழுத்து இல்லாததால் யாரும் கண்ணை ஓட்டவில்லை. மாதவிலக்கில் இரும்பை இழந்துகொண்டே இருக்கும் பெண்களையும் சேர்த்து அளந்து ‘இயல்பு’ என்று கோடு போட்டால், கோடு கீழேதான் விழும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே பற்றாக்குறை என்கிறது. அறிகுறியோடு வருபவருக்கு 30-க்குக் கீழே இருந்தாலே பல ரத்தவியல் மருத்துவர்கள் சிகிச்சை தொடங்குகிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் லேப் தாளில் அந்தப் பழைய கோட்டை மாற்ற ஆளில்லை என்பதுதான் எரிச்சல். தாளில் அம்புக்குறி இல்லை என்பதால் ஒரு பெண்ணை ‘மனசுதான் காரணம்’ என்று திருப்பி அனுப்புவது இன்றும் நடக்கிறது.

சீரம் அயன் 112 உங்களை ஏமாற்றிவிட்டது. காலையில் விழுங்கிய மாத்திரை சில மணி நேரத்துக்கு அந்த எண்ணைத் தூக்கிக் காட்டும். மாத்திரை இல்லாவிட்டாலும் ஒரே நாளில் அது ஏறி இறங்கும். அதனால் சீரம் அயனை மட்டும் எடுத்துவிட்டு ‘இரும்பு டெஸ்ட் பார்த்தாச்சு’ என்பதில் பயனில்லை. டிஐபிசி என்பது இரும்பைச் சுமக்க உடம்பு அனுப்பும் வண்டிகளின் எண்ணிக்கை. குதிர் காலியானால் உடம்பு வண்டிகளைக் கூட்டும். உங்கள் 438 மேல்வரம்பை ஒட்டி நிற்பதும் அதே கதையைத்தான் சொல்கிறது. சீரம் அயனை டிஐபிசியால் வகுத்து நூறால் பெருக்கினால் சாச்சுரேஷன் சதவீதம் வரும். உங்களுக்கு ஏறக்குறைய 26. வழக்கமாக 20-க்குக் கீழே பற்றாக்குறை. காலை மாத்திரையால் உங்கள் எண் கூடுதலாகத் தெரிவதால் இந்த ஒரு கணக்கை விட்டுவிடுங்கள். இரும்பு டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் 24 மணி நேரமாவது இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் போவது நல்லது. ரத்தம் எடுப்பவர் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் தாளைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் தங்கள் தாளை எடுத்துப் பார்ப்பார்கள். ஃபெரிட்டின் குறைவாக இருந்தால் அதை நம்பலாம்; இரும்பு இல்லாமல் போனதைத் தவிர அதற்கு வேறு பெரிய காரணம் கிடையாது. கூடுதலாக இருந்தால் அப்படியே நம்பக் கூடாது. உடம்பில் எங்காவது அழற்சியோ தொற்றோ இருந்தால், குதிரில் நெல் இல்லாதபோதும் ஃபெரிட்டின் ஏறும். காய்ச்சல் விட்டு இரண்டு வாரம்கூட ஆகாதவர், சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டு வீங்கியிருப்பவர், முடக்குவாதக்காரர், காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவர், ஈரலில் கொழுப்பு சேர்ந்தவர் இவர்கள் யாருக்கும் 50, 60 என்று வரும் ஃபெரிட்டின் ‘தாராளம்’ ஆகாது. அழற்சி இருக்கும்போது பெரியவர்களுக்கு 70-க்குக் கீழே இருந்தாலே பற்றாக்குறை இருக்கலாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. வழி என்னவென்றால், ஃபெரிட்டினோடு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற டெஸ்டையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். சிஆர்பி 5-ஐத் தாண்டியிருந்தால் ஃபெரிட்டின் எண்ணைத் தனியாக நம்பாமல் சாச்சுரேஷனையும் பாருங்கள். அவசரமில்லை என்றால் காய்ச்சல் விட்டு மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். ‘ஃபெரிட்டின் நார்மல், இரும்பு வேண்டாம்’ என்று மாத்திரையை நிறுத்தும் தவறு அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான்.

இனி மாத்திரை. அட்டையில் ‘எலிமென்டல் அயன்’ எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். பெரிதாக அச்சிட்டிருப்பது உப்பின் எடையாக இருக்கலாம். அதற்குள் இருக்கும் இரும்புதான் கணக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. உங்கள் நிலைக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதும். வயிறு புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்படிச் சாப்பிடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதலாகவே உறிஞ்சும். டாக்டரிடம் தாளைக் காட்டி அளவை உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள். மருந்துக்கடைக்காரர் நீட்டும் ‘எல்லாச் சத்தும் உள்ள’ கேப்ஸ்யூலை வாங்காதீர்கள். பலவற்றில் இரும்பு சொற்பம். கூடவே கால்சியமும் இருந்தால் அந்தச் சொற்பத்தையும் அது தடுக்கும்.

வெறும் வயிற்றில், தண்ணீரோடு அல்லது எலுமிச்சைச் சாற்றோடு விழுங்குங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மருந்து எதுவும் அதற்கு ஒரு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் வேண்டாம். காலை டீயோடு மாத்திரை போடுவதால்தான் ‘மூணு மாசம் சாப்பிட்டும் ஏறலை’ என்ற புலம்பல். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். பேரீச்சம்பழ சிரப்பும் பீட்ரூட்டும் காலியான குதிரை நிரப்பாது. அசைவம் சாப்பிடுபவர் என்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) உண்மையிலேயே பலன் தரும், மாத்திரையோடு சேர்த்து.

‘மூன்று பாட்டில் இரும்பு டிரிப் போட்டால் ஒரே வாரத்தில் தெம்பு’ என்று ஆஸ்பத்திரி தெருவிலோ லாட்ஜ் வாசலிலோ யாராவது அழைத்தால் நகர்ந்துவிடுங்கள். நரம்பில் ஏற்றும் இரும்பு, மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லை என்பவர்களுக்கும், குடலில் உறிஞ்சாதவர்களுக்கும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ரத்தம் மிகக் குறைந்தவர்களுக்கும் உரியது. திடீர் ஒவ்வாமை வந்தால் சமாளிக்க ஆளும் மருந்தும் இருக்கும் இடத்தில்தான் போட வேண்டும். உங்களுக்கு அது தேவையில்லை. கமிஷனுக்காகச் சொல்லப்படும் பேக்கேஜும் அப்படித்தான். அறுபது டெஸ்டில் உங்களுக்கு வேண்டிய ஃபெரிட்டின் பல சமயம் இருக்கவே இருக்காது.

இரும்பு எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டுகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நிறைகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் குடியாத்தம் அரசு மருத்துவமனையில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். குனிந்தே தைப்பதால் முதுகுவலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போடுகிறீர்களா? அது இரைப்பையில் ரத்தம் கசியவைக்கும். வெறுங்காலோடு வயலில் இறங்குபவர் என்றால் கொக்கிப்புழு இருக்கலாம். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை. வீட்டு ஆண்களுக்கோ, மாதவிலக்கு நின்றவர்களுக்கோ ஃபெரிட்டின் இப்படிக் குறைந்தால் மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. குடலில் ரத்தக்கசிவு உண்டா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபின் மட்டும் பாருங்கள். மூன்று மாதம் கழித்து, 24 மணி நேரம் மாத்திரை நிறுத்தி, அதே லேப்பில் ஃபெரிட்டின். இடையில் தெம்பு வந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் நன்றாக ஏறிய பிறகும் குதிர் நிரம்ப இன்னும் மூன்று மாதம் பிடிக்கும். ஃபெரிட்டின் 50-ஐ ஒட்டி வந்தும் அசதி போகவில்லை என்றால் டிஎஸ்எச் (தைராய்டு டெஸ்ட்), வைட்டமின் பி12, சர்க்கரை மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்கி எடுங்கள்.