மகள் சேரப்போகும் வேலையும் அந்த வாய்க்குள் நுழையாத வார்த்தைகளும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் ஆம்பூரிலிருந்து காட்பாடிக்கு என்னைப் பார்க்க வந்தீர்கள். கிளம்பும்போது நீங்கள் கேட்டது மனதிலேயே நிற்கிறது. "எம்.பி.ஏ. படிச்ச பொண்ணு, ஓ.டி. கன்சல்டிங் கம்பெனியில வேலை கிடைச்சிருக்குன்னு சொல்லுது. என்ன வேலைம்மான்னு கேட்டா டயக்னோசிஸ், இன்டர்வென்ஷன்னு ஏதேதோ சொல்லுது. இதை நம்பி சென்னைக்கு அனுப்பலாமா?" அன்று அவசரமாகப் பேசிவிட்டோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஓ.டி. என்றால் ஆர்கனைசேஷனல் டெவலப்மென்ட். நிறுவன மேம்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ரிச்சர்ட் பெக்கார்ட் 1969-ல் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். மனித நடத்தை பற்றிய அறிவைக்கொண்டு, திட்டமிட்டு, மேலிடத்தின் பொறுப்பில், நிறுவனம் முழுவதன் திறனையும் ஆரோக்கியத்தையும் கூட்டும் முயற்சி என்பது அதன் சாரம். அதில் 'ஆரோக்கியம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தத் துறையின் பாதி வார்த்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை. வேலூர்க்காரர்களுக்கு அவை அந்நியமே இல்லை. சி.எம்.சி.யில் டோக்கன் போட்டு உட்கார்ந்தால் முதலில் கேள்வி கேட்கிறார்கள், அப்புறம் ரத்தம், ஸ்கேன். அதுதான் டயக்னோசிஸ். கம்பெனியில் ஸ்கேனுக்குப் பதிலாக ஊழியர்களிடம் தனித்தனியே பேசுவார்கள், கேள்வித்தாள் கொடுப்பார்கள், வேலை நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பார்கள். கண்டுபிடித்ததை வைத்துச் செய்யும் எந்த நடவடிக்கைக்கும் இன்டர்வென்ஷன் என்று பெயர். இரண்டு பிரிவுகளை உட்காரவைத்துப் பேசவைப்பதும் அதுதான், வேலைப் பங்கீட்டை மாற்றி அமைப்பதும் அதுதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. உங்கள் மகளுக்கு இது நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பார், நாம் மருந்து வாங்குவோம். ஓ.டி.யில் அது மட்டும் போதாது என்று சொன்னவர் அமெரிக்கப் பேராசிரியர் எட்கர் ஷைன். கோளாறு என்ன என்பதை நிறுவனத்து ஆட்களே கண்டுபிடிக்க ஆலோசகர் துணை நிற்க வேண்டும் என்றார். அதற்குப் பெயர் பிராசஸ் கன்சல்டேஷன். வெளியிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போகும் தீர்வு, அவர் ரயில் ஏறியதும் மறந்துபோகும். 25 வருடம் சூப்பர்வைசராக இருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, உங்களைக் குழப்பிய அந்த 'அன்ஃப்ரீஸ்'. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன உளவியலாளர் குர்ட் லெவின், மாற்றத்தை 3 கட்டமாகச் சொன்னார்: உறைந்ததை இளகவைப்பது, நகர்த்துவது, புது நிலையில் மறுபடி உறையவைப்பது. தோல் பதனிடும் நம் ஊரில் இதை ஐஸ் வைத்து விளக்க வேண்டாம், தோல் போதும். உப்புப் போட்டு விறைத்து வரும் தோலை முதலில் தண்ணீரில் ஊறவைக்கிறோம். அப்புறம் சுண்ணாம்பு போட்டு முடி நீக்குகிறோம். கடைசியில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, இப்போது குரோமியம் உப்பு. பதனிட்ட பிறகுதான் அது அழுகாமல் நிற்கும். ஊறவைக்காமல் நேராகப் பதனிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காரணம் சொல்லாமல் திங்கட்கிழமை காலையில் புது முறையைக் கொண்டுவரும் நிர்வாகமும் அதைத்தான் செய்கிறது.

லெவினின் இன்னொரு சொல் ஃபோர்ஸ் ஃபீல்டு. முன்னே தள்ளும் சக்திகளும் பின்னே இழுக்கும் சக்திகளும் சமமாக இருப்பதால்தான் ஒரு நிலை மாறாமல் நிற்கிறது என்றார். ஷூ தைக்கும் ஸ்டிச்சிங் லைனில் டார்கெட்டைக் கூட்டுகிறார்கள், எண்ணிக்கை ஏறவில்லை என்று வையுங்கள். இன்னும் அதட்டினால் மனஸ்தாபம்தான் ஏறும். விசாரித்தால், கட்டிங்கிலிருந்து துண்டுகள் தாமதமாக வருவதும், கடைசி பஸ் போய்விடுமே என்ற பெண்களின் பயமும் பின்னே இழுப்பது தெரியவரும். தள்ளுவதைவிட இழுப்பதைத் தளர்த்துவது மேல். 'ரெசிஸ்டன்ஸ்', அதாவது மாற்றத்துக்கு எதிர்ப்பு, என்று உங்கள் மகள் சொல்வது பல நேரம் இதைத்தான். அதைத் தொழிலாளியின் பிடிவாதம் என்று மட்டும் எழுதும் ஆலோசகர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

'கல்ச்சர்' பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவரில் 'பாதுகாப்பே முதல்' என்று எழுதியிருக்கும். ஆர்டர் நெருக்கினால் மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். இரண்டாவதுதான் அந்த இடத்தின் கல்ச்சர்.

இது வெளிநாட்டுச் சரக்கு மட்டுமல்ல. 1970களின் நடுவிலேயே நம் நாட்டுப் பேராசிரியர்கள் உதய் பாரீக்கும் டி.வி. ராவும் லார்சன் அண்ட் டூப்ரோ கம்பெனியில் மனிதவள மேம்பாட்டுக்கென்று தனி அமைப்பை வகுத்துக் கொடுத்தார்கள். மனிதவள மேம்பாட்டைக் குறிக்கும் ஹெச்.ஆர்.டி. என்ற சொல் நம் நாட்டு நிறுவனங்களில் வேரூன்றியதில் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. இந்தத் துறைக்கு எம்.பி.ஏ. மட்டும்தான் வழி என்பதும் இல்லை. சமூகப் பணியில் மனிதவளப் பிரிவு படித்தவர்களும், உளவியல் படித்தவர்களும் நிறையப் பேர் வருகிறார்கள்.

என்னைக் கவலைப்பட வைக்கும் வார்த்தைகளும் உண்டு. 'ரைட்சைஸிங்', 'ரீஸ்ட்ரக்சரிங்'. சில நேரம் உண்மையாகவே வேலையைச் சீரமைப்பதாக இருக்கும். சில நேரம் அது ஆள்குறைப்புக்கு வைத்த நல்ல பெயர். 22 வயதுப் பெண், தன் கேள்வித்தாளை நம்பி மனம்விட்டுப் பேசியவரின் பெயர் ஆள்குறைப்புப் பட்டியலில் வந்ததைப் பார்த்தால் நொறுங்கிப்போவாள். அப்படி நொறுங்கி, என் எதிரே உட்கார்ந்து அழுத ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அதனால் சேரும் முன்பே அவள் இரண்டு கேள்வி கேட்கட்டும்: ஊழியர்கள் சொல்வது யார் பெயரும் இல்லாமல்தான் நிர்வாகத்துக்குப் போகுமா? உங்களிடம் வரும் வேலைகளில் ஆள்குறைப்பு எவ்வளவு? நேரான பதில் வந்தால், அனுப்புங்கள் என்றே நான் சொல்வேன்.

முதல் இரண்டு வருடம் அவள் யாருக்கும் ஆலோசனை சொல்லப்போவதில்லை. பேட்டிகளைக் குறிப்பெடுப்பாள், எக்செல்லில் கணக்குப் போடுவாள், மூத்தவர் நடத்தும் பட்டறையில் நாற்காலியும் சார்ட்டும் அடுக்குவாள். அது தாழ்வான வேலை இல்லை, காது பழகும் காலம். அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை அவளை உங்கள் எதிரே உட்காரவைத்து, உங்கள் லைனில் போன வருடம் நடந்த ஒரு மாற்றத்தைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் முழுவதையும் தமிழிலேயே நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டையும் ஆஃபர் லெட்டரையும் எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை இருவரும் வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.