இரண்டு லைன் வாங்கியும் நெட் சேர்ந்தே போவது ஏன்?

கேள்வி: கோவையில் கணக்கு எழுதித் தரும் அலுவலகம் நடத்துகிறேன். நெட் போகக் கூடாது என்று இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் லைன் வாங்கியிருக்கிறேன். தெருவில் பள்ளம் தோண்டிய அன்று இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன. மூன்றாவது லைனும் போடச் சொல்கிறார் ஏஜென்ட். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இருக்கிற இரண்டும் எந்த வழியாக வருகின்றன என்று முதலில் கேளுங்கள்.

புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதமான கோட்டுருவியலில் இரண்டு அளவுகள் உண்டு. ஒரு புள்ளியில் எத்தனை கோடுகள் வந்து சேர்கின்றன என்பது ஒன்று. குறைந்தது எத்தனை இடங்களில் வெட்டினால் அந்தப் புள்ளி துண்டாகிவிடும் என்பது மற்றொன்று. ஏஜென்ட் காட்டுவது முதல் எண்ணை. உங்களைக் காப்பாற்றுவது இரண்டாவது. இரண்டு கேபிளும் ஒரே குழாயில் வந்தால் முதல் எண் இரண்டு, இரண்டாவது எண் ஒன்றுதான். அதே குழாயில் இன்னொன்றைச் சேர்த்தாலும் ஒரு ஜேசிபி போதும்.

பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன. 2001 ஜூலையில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ரயில் சுரங்கத்துக்குள் ஒரு சரக்கு ரயில் தீப்பிடித்தது. பல நிறுவனங்களின் ஃபைபர் அந்த ஒரே சுரங்கம் வழியாகத்தான் போயிருந்தது. இணையம் பல இடங்களில் தடுமாறியது.

இடைத்தரகர்களிடம் மிகவும் கவனமாக இருங்கள். ஒரே மொத்த விற்பனையாளரின் லைனை வாங்கி, இரண்டு பெயரில் இரண்டு பில் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு லைனிலும் தனித்தனியாக டிரேஸ்ரூட் (தகவல் எந்தெந்த முகவரிகள் வழியாகப் போகிறது என்று வரி வரியாகக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள். உங்கள் ரவுட்டரைத் தாண்டிய முதல் சில வரிகளிலேயே இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் முகவரிகள் வந்தால், காசு வீண். வேறு வேறாக வந்தாலும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். குழாய் எது என்பதை டிரேஸ்ரூட் சொல்லாது. கேபிள் வரும் பாதையை வரைபடமாக, எழுத்தில் கேளுங்கள். "டபுள் பாத் சார்" என்ற வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

சிம் போட்ட டாங்கிள் மட்டும் விதிவிலக்கு, அதுவும் பாதிதான். அது காற்றில் போவது டவர் வரைக்கும்தான். அந்த டவருக்கு வரும் ஃபைபர் உங்கள் தெருக் குழாயிலேயே வந்தால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். ஃபைபர் இல்லாமல், காற்றிலேயே அடுத்த டவரோடு பேசும் மைக்ரோவேவ் தட்டு வைத்து இணைத்த டவராக இருந்தால் தப்பிக்கும். ஆனால் அந்தத் தட்டு பார்க்கும் அடுத்த டவருக்கு ஃபைபர் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்க வேண்டும்.

தோண்டும் முன் தகவல் சொல்ல, 2023-லேயே மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியைக் கொண்டுவந்துவிட்டது. செயலி வந்தும் கேபிள் அறுபடுவது நிற்கவில்லை. கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தோண்டுகிறவர்களை யார்தான் கேட்பது?