விமானம் ஏறும் முன் மருத்துவச் சான்று: வடசென்னை வாசகர் கேள்வி–பதில்

விசா கையில் இருந்தும், மருத்துவத் தாளில் உள்ள ஒரு சின்னப் பிழையால் மீனம்பாக்கம் கவுன்டரிலேயே பயணம் நின்றுபோவதுண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கவலைதான். பயனுள்ள சிலவற்றுக்கு இங்கே பதில்.

சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். கொரோனா டெஸ்ட் ரிப்போர்ட் இப்போதும் வேண்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
*– வாசகி, ராயபுரம்*

வேண்டாம் அம்மா. இந்தியாவுக்கு வருகிறவர்கள் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவம் 2022 நவம்பர் 22-இல் நின்றது. சீனா, சிங்கப்பூர் முதலிய சில இடங்களிலிருந்து வருவோருக்கு 2023 ஜனவரியில் ஆர்டிபிசிஆர் திரும்ப வந்து, பிப்ரவரியில் அதுவும் போய்விட்டது. சிங்கப்பூருக்கு நீங்கள் செய்யவேண்டியது, அங்கே இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டை ஆன்லைனில் நிரப்புவது. உடல்நிலை பற்றிய கேள்விகளும் அதில்தான் வரும். அது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

ஆளுக்கொன்று சொல்வதைக் கேட்டு அலையாதீர்கள். ஏர்லைன் கவுன்டரில் இருப்பவர்கள் டைமாட்டிக் என்ற தகவல் தொகுப்பைத் திறந்து, உங்கள் பாஸ்போர்ட், போகும் நாடு, நடுவில் இறங்கும் நாடு மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். தாள் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அபராதமும் திருப்பிக் கூட்டிவரும் செலவும் ஏர்லைன் தலையில் விழும். அதனால் அங்கே கெஞ்சிப் பயனில்லை. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை ஏர்லைனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் இனிஷியல் மட்டும் போட்டிருக்கிறார்கள். பரவாயில்லையா?
*– வாசகர், வியாசர்பாடி*

பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள். மற்ற மாநிலத்தவரைவிட நம்மை அதிகம் படுத்துகிற சிக்கல் இதுதான். லேபில் பெயர் கேட்டால் இனிஷியலோடு சொல்லிப் பழகிவிட்டோம், அவர்களும் அப்படியே தட்டிவிடுகிறார்கள். வெளிநாட்டு அதிகாரிக்கு இனிஷியல் வைத்த பெயரும் அப்பா பெயர் சேர்ந்த பெயரும் இரண்டு வேறு ஆட்கள்.

டெஸ்டுக்குப் போகும்போது பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்து, புகைப்படப் பக்கத்தில் கீழே இருக்கும் இரண்டு வரிகளைப் பார்த்துப் பெயரை அடிக்கச் சொல்லுங்கள். ரத்தமோ சளியோ எடுப்பதற்கு முன்பே பில்லை வாங்கிப் படித்துவிடுங்கள். அந்த நேரத்தில் திருத்துவது ஒரு நிமிட வேலை. ரிப்போர்ட் வந்தபின் என்றால் சிஸ்டத்தைத் திறந்து, டாக்டர் மறுபடி கையெழுத்திட்டு, ஒரு நாள் போய்விடும்.

பெயருக்கு அடுத்தது பாஸ்போர்ட் எண். இந்தியப் பாஸ்போர்ட்டில் முதலில் ஓர் எழுத்து, பிறகு ஏழும் எண்கள். ஆகவே முதல் இடத்தைத் தாண்டி ‘ஓ’ என்ற எழுத்து வரவே வராது, அங்கே இருப்பது பூஜ்யம்தான். இதை மாற்றி அடித்துவிட்டால் கணினியில் தேடும்போது உங்கள் ரிப்போர்ட் கிடைக்காது.

பிறகு பிறந்த தேதி. நம் லேப்கள் வழக்கமாக வயதை மட்டும் போடும், அது போதாது. மாதிரி எடுத்த தேதியும் மணியும் தனியாக இருக்க வேண்டும். ஒரு நாடு 72 மணி நேரம், 48 மணி நேரம் என்று கேட்டால், பெரும்பாலும் மாதிரி எடுத்த நேரத்திலிருந்துதான் கணக்கு, ரிப்போர்ட் அச்சான நேரத்திலிருந்து அல்ல. டாக்டரின் கையெழுத்து, பதிவு எண், லேப் முத்திரை மூன்றும் வேண்டும். கியூஆர் கோடு இருந்தால் வீட்டிலேயே வேறொருவர் போனில் ஸ்கேன் செய்து, உங்கள் ரிப்போர்ட்தான் திறக்கிறதா என்று பாருங்கள். பேனாவால் அடித்துத் திருத்தியதும் ஒயிட்னர் பூசியதும் செல்லாத தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் வேலை. நைஜீரியாவில் லாகோஸில் ஏறச் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுவது? இரண்டு வருட மெடிக்கல் கையில் இருக்கிறதே, அது போதாதா?
*– வாசகர், காசிமேடு*

போதாது. கப்பல் இயக்குநரகம் அங்கீகரித்த டாக்டர் தரும் அந்த மெடிக்கல், வேலைக்கான தகுதிச் சான்று. மஞ்சள் காய்ச்சல் ஊசிக்குச் சான்றாகத் தனி மஞ்சள் புத்தகம் உண்டு. அதை அரசு அறிவித்த மையங்கள் மட்டுமே தர முடியும். தெருமுனை கிளினிக்கில் போட்ட ஊசிக்கு மதிப்பில்லை. உங்களுக்குப் பக்கத்தில் ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகம் இருக்கிறது. இன்னொன்று கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். நேரே போய் நிற்காமல் முன்பதிவு செய்துகொண்டு, அசல் பாஸ்போர்ட்டோடு போங்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், கரைத்தால் 6 மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். அதனால்தான் ஆள் சேர்த்து, குறித்த நாளில் போடுகிறார்கள்.

ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்று உயிர்பெறும். ஏஜென்ட் திடீரென்று வியாழக்கிழமை விமானம் என்று சொன்னால் புதன்கிழமை போட்ட ஊசி உதவாது. கடல் வேலைக்குப் போகிறவர்கள் கம்பெனி அழைக்கும் வரை காத்திராமல் இப்போதே போட்டு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் 2016 ஜூலை 11 முதல் இந்தச் சான்று ஆயுள் முழுவதும் செல்லும். பழைய புத்தகத்தில் 10 ஆண்டு என்று எழுதியிருந்தாலும் மறுபடி போட வேண்டியதில்லை.

புத்தகத்தை வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள்: உங்கள் கையெழுத்து, போட்டவரின் கையெழுத்து, மருந்தின் பேட்ச் எண், மையத்தின் முத்திரை. தேதியில் மாதம் எண்ணாக இல்லாமல் எழுத்தாக இருக்க வேண்டும். 5/6 என்றிருந்தால் ஓரிடத்தில் ஜூன் 5, இன்னோரிடத்தில் மே 6 ஆகிவிடும். பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால், புத்தகத்தில் இருக்கும் எண்ணுக்குரிய பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.

முட்டை சாப்பிட்டால் கடுமையான அலர்ஜி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, 60 வயதுக்கு மேல் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த மருந்து.

திரும்பி வரும்போதும் இந்தப் புத்தகம் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து சான்று இல்லாமல் வந்தால், இந்தியாவில் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். எத்தியோப்பியா, கென்யா வழியாக மாறி வருகிறவர்களும் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பையன் செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறான். டிபி டெஸ்ட்டை எப்போது எடுப்பது?
*– வாசகர், பெரம்பூர்*

6 மாதத்துக்கு மேலான விசா என்றால் கட்டாயம். பிரிட்டன் அரசின் இணையதளத்தில் பட்டியலிட்ட கிளினிக்கில்தான் எடுக்க வேண்டும், சென்னையிலேயே எடுக்கலாம். சான்று 6 மாதம் செல்லும். ஆகஸ்ட் வரை தள்ளாதீர்கள், ஜூனுக்குள் முடித்துவிடுங்கள். காரணம் இது: எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் அடுத்தடுத்து 3 நாள் சளி கொடுக்க வேண்டும், அதை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல ஏறக்குறைய 2 மாதம் ஆகும். நோயே இல்லை என்று கடைசியில் வந்தாலும் அதற்குள் கல்லூரி தொடங்கிவிடும். முன்பு நெஞ்சுச் சளிக்கு எக்ஸ்ரே எடுத்திருந்தால் அந்தப் பழைய படத்தையும் கொண்டு போகச் சொல்லுங்கள். நிழல் பழையதா புதியதா என்று ஒப்பிட அதுதான் உதவும்.

தம்பிக்கு எட்டு வருடம் முன்பு டிபி வந்து ஓட்டேரி ஆஸ்பத்திரியில் பார்த்து முழுதாகக் குணமாகிவிட்டது. சவுதி வேலைக்கு மெடிக்கல் எடுக்க வேண்டும். ஏஜென்ட் ‘பார்த்துக்கலாம்’ என்கிறார்.
*– வாசகி, கொருக்குப்பேட்டை*

ஏஜென்டுக்குப் பணம் கட்டாதீர்கள், இன்னும் கட்டவில்லை என்றால். சவுதி போன்ற வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கல், வாஃபித் என்ற இணையதளத்தில் ஸ்லிப் போட்டு, அதில் ஒதுக்கும் மையத்தில்தான் நடக்கும். முன்பு கம்கா மெடிக்கல் என்று சொன்னது இதைத்தான். எக்ஸ்ரே, எச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், சிறுநீர், மலம் எல்லாம் பார்ப்பார்கள். பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. நுரையீரலில் பழைய டிபியின் தழும்பு தெரிந்தாலே அன்ஃபிட் போடுவது அங்கே வழக்கம். குணமானவரால் யாருக்கும் தொற்றாது, எனவே இது நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. இங்கே எப்படியோ ஃபிட் வாங்கினாலும், அங்கே போய் இறங்கியதும் இகாமா என்ற வசிப்பு அனுமதி அட்டைக்காக மறுபடி எக்ஸ்ரே, ரத்தம் எடுப்பார்கள். அதில் மாட்டினால் திருப்பி அனுப்புவார்கள், கட்டிய லட்சங்கள் போனதுதான்.

முதலில் சொந்தச் செலவில் ஒரு டிஜிட்டல் எக்ஸ்ரே எடுத்து, ஸ்டான்லியிலோ ஓட்டேரியிலோ நெஞ்சு நோய் டாக்டரிடம் காட்டுங்கள். தழும்பே இல்லை என்று அவர் சொன்னால் தைரியமாகப் பதிவு செய்யலாம். தழும்பு இருந்தால் சிகிச்சை முடித்த தாள்களை வைத்துக்கொண்டு, வேறு நாடுகளைப் பாருங்கள். சிகிச்சைத் தாளையும் சளி முடிவையும் வைத்து முடிவெடுக்கும் நாடுகள் இருக்கின்றன.

நல்ல உடம்போடு போகிறவர்களும் வீணாக மாட்டிக்கொள்வதுண்டு. கழுத்துச் சங்கிலி, தாயத்து, சட்டைப் பொத்தான், முன்னால் தொங்கும் பின்னல் எல்லாம் எக்ஸ்ரேயில் நிழலாக விழும். முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நன்றாக மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். இருமல் இருந்தால் ஆறிய பிறகு போகலாம். மாதவிலக்கு நாளில் சிறுநீர் கொடுத்தால் ரத்தம் காட்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்ட உடனே சோதித்தால் நோய் இருப்பதுபோலப் பொய்யாகக் காட்டக்கூடும். 3 வாரமாவது இடைவெளி விடுங்கள்.

உம்ராவுக்கு மெனிஞ்சைட்டிஸ் (மூளைக்காய்ச்சல்) ஊசி எத்தனை வருடம் செல்லும்?
*– வாசகர், மண்ணடி*

காஞ்சுகேட் வகை என்றால் 5 ஆண்டு, பாலிசாக்கரைடு என்றால் 3 ஆண்டு. இரண்டுமே ஏசிஒய்டபிள்யூ என்ற நான்கு வகைக் கிருமிக்கானதாக இருக்க வேண்டும், போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன் போட்டிருக்க வேண்டும். எந்த வகை என்று தாளில் எழுதவில்லை என்றால் 3 ஆண்டாகவே எடுத்துக்கொள்வார்கள். ஊசி போடும் இடத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

அப்பா காலில் மாவுக்கட்டு. துபாயில் பேரன் பெயர் சூட்டு விழா, நாளை மறுநாள் டிக்கெட். ஏற்றுவார்களா?
*– வாசகர், திருவொற்றியூர்*

கட்டு எப்போது போட்டது என்பதுதான் கேள்வி. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோல இருக்கும், ஊட்டியில் நிற்பதற்குச் சமம். கட்டுக்குள் சிக்கிய காற்று அங்கே விரியும், அடிபட்ட காலும் வீங்கும், கட்டு இறுகி ரத்த ஓட்டம் தடைபடும். அதனால் முழு மாவுக்கட்டு போட்டு 48 மணி நேரம் ஆகவில்லை என்றால், கட்டை நீளவாக்கில் பிளந்துவிட்டுத்தான் பறக்க வேண்டும். அதை எலும்பு டாக்டர்தான் செய்ய வேண்டும், வீட்டில் கத்தரி வைக்காதீர்கள். மெடிஃப் என்ற மருத்துவத் தகவல் படிவத்தை ஏர்லைனிடம் வாங்கி, நோயாளி பகுதியை நீங்களும் மருத்துவப் பகுதியை டாக்டரும் நிரப்பி அனுப்புங்கள். பெரும்பாலான ஏர்லைன்கள் 48 மணி நேரமாவது முன்பே கேட்கும், எனவே இன்றைக்கே அனுப்பினால்தான் உண்டு. முட்டியை மடக்க முடியாது என்றால் அதையும் எழுதுங்கள், இருக்கை அதற்கேற்பத் தர வேண்டியிருக்கும்.

மகளுக்கு 27 வாரக் கர்ப்பம். விமானத்தில் போய் 3 வாரத்தில் திரும்புவாள்.
*– வாசகி, கொளத்தூர்*

திரும்பும் நாளில் 30 வாரம் என்று கணக்கிடுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு டாக்டர் கடிதம் கேட்பது வழக்கம். பிரசவத் தேதி, ஒரே குழந்தையா இரட்டையா, சிக்கல் ஏதும் இல்லை, பறக்கத் தகுதி உண்டு என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கடிதம் சில நாளுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும் என்று ஏர்லைன்கள் சொல்வதால், திரும்பும்போது அங்கே ஒரு டாக்டரிடம் புதிதாக வாங்க ஏற்பாடு செய்யுங்கள்.

அம்மாவுக்கு சர்க்கரை, முட்டிவலி. மாத்திரைகளை எப்படி எடுத்துப் போவது?
*– வாசகர், எண்ணூர்*

இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள், லக்கேஜ் பகுதியில் உறைந்தால் கெட்டுவிடும். டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டில் மருந்தின் பொதுப்பெயர், அளவு, பாஸ்போர்ட் படி பெயர் மூன்றும் இருக்கட்டும். மாத்திரைகளைப் பட்டையிலிருந்து கழற்றி டப்பாவில் கொட்டாதீர்கள். முட்டிவலிக்கு டிரமடாலோ, இருமலுக்குக் கோடீன் கலந்த மருந்தோ இருந்தால் வளைகுடா நாடுகளில் முன் அனுமதி இல்லாமல் கொண்டு போவது குற்றம், டாக்டரிடம் மாற்று கேளுங்கள். குருமாவுக்கென்று பையில் போடும் கசகசா பொட்டலமும் அங்கே போதைப்பொருள் கணக்கில்தான் வரும். எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.