இருட்டுப் பாத்திரங்கள்: கேட்டதும் சொன்னதும்

(மொரீஷியஸ் வாசகர்களின் கேள்விகள். பதில்கள், பாத்திரம் ஏற்று ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகளின்படி.)

ரோஸ் ஹில்லிலிருந்து: என் வார்லாக் (மந்திரவாதிப் பாத்திரம்) இருளைப் பரப்பும் 'டார்க்னெஸ்' ஸ்பெல் (மந்திரம்) போட்டாலே கூட ஆடுகிறவர்கள் திட்டுகிறார்கள். ஏன்?

'டெவில்ஸ் சைட்' என்ற வார்லாக் திறன் இருப்பதால் மந்திர இருளிலும் 120 அடி வரை உங்களுக்குக் கண் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. இருளின் ஆரம் 15 அடி என்றால் குறுக்களவு 30 அடி, கட்டத்தாளில் ஆறு கட்டம். சின்ன அறை முழுக்க மூடிப்போகும். கிளெரிக் எனும் பூசாரிப் பாத்திரம் போடும், காயம் ஆற்றும் 'ஹீலிங் வேர்ட்' கண்ணுக்குத் தெரிகிறவர் மேல்தான் பலிக்கும் என்பதால் விழுந்தவரைத் தூக்கிவிடவும் ஆளில்லை. திட்டாமல் என்ன செய்வார்கள்?

கையிலிருக்கும் காசின் மேல் ஸ்பெல்லைப் போட்டு டப்பாவில் வையுங்கள். மூடினால் இருள் அடங்கும், திறந்தால் பரவும். ஆனால் உங்கள் முறையில் ஒரு தடவைதான் இலவசம்: திறக்கலாம், அல்லது மூடலாம். இரண்டும் வேண்டுமென்றால் அந்த முறையின் முக்கியச் செயலான ஆக்‌ஷன் செலவாகும்.

வக்வாவிலிருந்து: துனி மின்வியைப் பாத்திரமாக்க முடியுமா?

அருமையான யோசனை. 1994-இல் ஹொலாண்டா புயலுக்குப் பிறகு, கரண்ட் இல்லாத ராத்திரிகளில் ஊரையே நடுங்க வைத்த வதந்தி அது. துனி மின்வி ஒரு லூ காரூ, அதாவது ஓநாய் மனிதன், என்று பேசப்பட்டதால் எல்லோரும் அந்தப் பக்கம்தான் போவார்கள். எனக்கென்னவோ 'வே ஆஃப் ஷேடோ' (நிழல் வழி) மங்க், அதாவது துறவிப் போர்வீரன்தான் பொருத்தம். பெயருக்கே அர்த்தம் அம்மண நள்ளிரவு, மங்க்குக்கும் கவசம் வேண்டாம்: 10 உடன் டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), விஸ்டம் (விவேகம்) இரண்டின் மாடிஃபையரையும் (கூட்டல் எண்) கூட்டுங்கள். இரண்டும் 16 என்றால் மாடிஃபையர் தலா 3, ஆர்மர் கிளாஸ் (தற்காப்பு எண்) 16.

ஆறாம் லெவலில் 'ஷேடோ ஸ்டெப்': ஒரு நிழலிலிருந்து மறைந்து 60 அடிக்குள் இன்னொரு நிழலில் தோன்றலாம். கீ (மங்க்கின் சக்திப் புள்ளி) செலவில்லை, கூடுதல் சிறுசெயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். அதே முறையில் முதல் கைகலப்பு அடிக்கு அட்வான்டேஜும் (பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது) உண்டு. பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்: இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மனித மங்க்குக்குக் கும்மிருட்டில் ஒன்றும் தெரியாது. இருட்டில் பார்க்கும் எல்ஃப் மாதிரி இனத்தை எடுங்கள், இல்லாவிட்டால் 2 கீ கொடுத்து 'டார்க்விஷன்' (இருட்டில் பார்வை) போடுங்கள்; எட்டு மணி நேரம் நிற்கும்.

போர்ட் லூயியிலிருந்து: நான் எழுப்பிய எலும்புக்கூடுகள் மறுநாள் சொல்பேச்சு கேட்கவில்லை.

பிணத்தை எழுப்பும் 'அனிமேட் டெட்' ஸ்பெல்லின் பிடி 24 மணி நேரம்தான். அது தீருவதற்குள் மறுபடி போட்டால் நான்கு எலும்புக்கூடுகள் வரை கைக்குள் இருக்கும். ஐந்தாம் லெவல் விசார்டுக்கு மூன்றாம் நிலை ஸ்லாட் (இந்த ஸ்பெல் போடும் வாய்ப்பு) இரண்டே இரண்டு. தினமும் ஒன்று இதற்கே போய்விடும். எலும்புக்கூடு ஒன்றுக்கு 13 ஹிட் பாயின்ட்தான் (உயிர்ப் புள்ளி), கதாயுதம் பட்டால் இரட்டைச் சேதம். வில்லைக் கொடுத்துப் பின்னால் நிறுத்துங்கள்.

கேள்வி: டாம்பிர் (பாதி ரத்தக்காட்டேரி) பாத்திரத்துக்குக் காயம் ஆற்றும் 'க்யூர் வூண்ட்ஸ்' பலிக்குமா?

பலிக்கும். ரத்தம் குடித்தாலும் விதிப்படி ஹியூமனாய்ட்தான் (மனித வகை உயிர்), இந்த ஸ்பெல் பலிக்காத நடைபிண வகை இல்லை.