வந்தவர்களில் எத்தனை பேர் தங்குகிறார்கள்?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து, அன்றாடச் செலவுகளைக் குறித்துவைக்கும் செயலி ஒன்றை நடத்திவருகிறோம். பதிவிறக்கங்கள் மாதந்தோறும் கூடுகின்றன. தினமும் பயன்படுத்துவோர் எண்ணிக்கையோ நகர மறுக்கிறது. தரவில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

பதில்: மொத்தப் பதிவிறக்கக் கணக்கை ஒதுக்கிவையுங்கள். செயலியை நீக்கிவிட்டவர்களும் அதில் அடங்குவதால், அந்த எண் ஒருபோதும் இறங்காது. பயனர்களை அவர்கள் சேர்ந்த வாரத்தின்படி குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் மறுநாள், 7ஆம் நாள், 30ஆம் நாள் திரும்பி வந்தவர்கள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். துறையில் இதற்கு ‘கோஹார்ட்’ அட்டவணை என்று பெயர். ஒரு வாரத்தில் சேர்ந்த 1,000 பேரில் 30ஆம் நாள் 80 பேர் எஞ்சுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 60ஆம் நாளும் ஏறக்குறைய அதே 80 பேர் இருந்தால், செயலி சிலருக்கேனும் உண்மையில் பயன்படுகிறது. அதுவும் கரைந்துகொண்டே போனால், விளம்பரத்துக்குச் செலவிடுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலைதான்.

எத்தனை பேர் போனார்கள் என்பதை இந்த அட்டவணை சொல்லும். எந்த இடத்தில் விட்டுப்போனார்கள் என்பதை அறிய, முதல் முறை திறந்தபோது பயனர் கடந்த திரைகளை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஒரு செலவைக்கூடக் குறிப்பதற்கு முன்பே குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும் திரை உங்கள் செயலியில் இருந்தால், என் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் விழும். முதல் செலவைக் குறித்த பிறகு அந்த அனுமதியைக் கேட்டுப் பாருங்கள். விட்டுப்போனவர்களில் சிலரிடம் நேரில் பேசுவதும் நல்லது. காரணத்தைத் தரவிலிருந்து ஊகிக்கத்தான் முடியும்.

கேள்வி: முதல் வாரத்தில் ஐந்து செலவுகளைக் குறித்தவர்கள் நீண்ட நாள் தங்குகிறார்கள். எல்லோரையும் ஐந்து குறிக்கத் தூண்டலாமா?

பதில்: ஃபேஸ்புக்கின் தொடக்க ஆண்டுகளில் புதியவர் ஒருவரைப் பத்து நாளில் ஏழு நண்பர்களுடன் சேர்த்துவிடுவதே இலக்காக இருந்தது என்று, அதன் வளர்ச்சிக் குழுவை வழிநடத்திய சமத் பலிஹாபிட்டியா கூறியிருக்கிறார். அதைக் கேட்டுப் பலரும் தங்கள் செயலிக்கும் ஒரு மந்திர எண்ணைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் ஐந்து குறித்ததால் தங்கினார்களா, தங்கும் ஆர்வம் ஏற்கெனவே இருந்ததால் ஐந்து குறித்தார்களா என்பது உங்கள் தரவிலிருந்து மட்டும் விளங்காது. புதியவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தூண்டுதலைக் காட்டி, இரு பாதிகளின் 30ஆம் நாள் வருகையை ஒப்பிடுங்கள். எத்தனை பேர், எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். முடிவு சாதகமாகத் தெரிந்த நாளில் சோதனையை நிறுத்தினால், தற்செயலான ஏற்றத்தைக்கூட வெற்றி என்று எண்ணிவிடுவீர்கள். நோட்டிஃபிகேஷன்களுக்கும் இதே சோதனை தேவை. அவை அன்றைய வருகையைக் கூட்டி, அடுத்த மாதம் செயலியையே நீக்கவைப்பதுண்டு.

கேள்வி: பிற்காலத்தில் உதவும் என்று எல்லாத் தரவையும் சேகரித்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். தேவையான அளவுக்கு மேல் சேகரிக்கக் கூடாது என்பது 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் அடிப்படைகளில் ஒன்று. மேலே சொன்ன கணக்குகளுக்கு யார், எப்போது சேர்ந்தார், எந்தத் திரையைத் திறந்தார், என்ன செய்தார் என்பவை போதும். அந்த ‘யார்’ என்பதற்கும் பெயரோ தொலைபேசி எண்ணோ தேவையில்லை; செயலி தானாக உருவாக்கும் ஓர் அடையாள எண்ணே போதுமானது.