துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டி உயரத்தில்: வாங்குவோர் கேள்வி-பதில்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் ராமநாதபுரம் கரையோரத்திலிருந்து ஒரே மாதிரிக் கடிதங்களாக வருகின்றன. கேமராவைச் சுமந்தபடி நட்சத்திரங்களோடு சேர்ந்து திரும்பும் சின்ன மோட்டார் மவுண்ட், அதாவது டிராக்கர், பற்றித்தான் எல்லாம். இந்த வாரம் அவற்றுக்கு மட்டும் பதில்.

கே: கேமராவும் 70-200 லென்ஸும் இருக்கின்றன. நெபுலாக்களை, அதாவது வானத்து வாயு மேகங்களை, படம் எடுக்க ஆசை. கடைக்காரர், பொத்தானை அழுத்தினால் தானே கிரகத்தைத் தேடிப் பிடிக்கும் 'கோடூ' மவுண்டைக் காட்டுகிறார். மோட்டார்தான் இருக்கிறதே, போதாதா? (ஆசிரியர், மண்டபம்)

போதாது. மோட்டார் எந்த அச்சில் சுற்றுகிறது என்று பாருங்கள். அவர் காட்டியது மேலும் கீழும், இடமும் வலமும் நகரும் வகையாக இருந்தால், நட்சத்திரத்தை நடுவில் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் நேரம் ஆக ஆக, படம் அந்த நடுப்புள்ளியைச் சுற்றி மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். கண்ணால் பார்க்கும்போது இது தெரியாது. ஷட்டரை நிமிடக் கணக்கில் திறந்து வைத்தால் ஓரத்து நட்சத்திரங்கள் வளைந்த கோடுகளாகிவிடும்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். இரண்டு வருடம் சேர்த்த பணத்தில், 'மோட்டார்' என்ற ஒரு சொல்லை நம்பி வாங்கினேன். நிலாவையும் சனியையும் வீடே கூடிப் பார்த்தது. ஓரியன் நெபுலாவை மட்டும் ஒரு இரவுகூட உருப்படியாக எடுக்க முடியவில்லை. பொருளில் குறை இல்லை, அது வேறு வேலைக்கான பொருள். எதற்காக வாங்குகிறேன் என்று விற்றவரிடம் நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

உங்களுக்கு வேண்டியது, வான துருவத்தை, அதாவது துருவ நட்சத்திரத்தை ஒட்டி வானம் சுற்றும் மையப்புள்ளியை, நோக்கிச் சாய்த்த ஒரே அச்சில் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று திரும்பும் டிராக்கர். அது இல்லாமல் 200 மி.மீ. லென்ஸில் இரண்டரை வினாடிதான் எடுக்கலாம். 500-ஐ லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்தால் வரும் கணக்கு இது; சின்ன சென்சார் என்றால் இன்னும் குறையும். ஸ்கைவாட்சரின் ஸ்டார் அட்வெஞ்சரர் 2ஐ, ஐஆப்ட்ரானின் ஸ்கைகைடர் புரோ மாதிரியான ஒன்று உங்கள் லென்ஸுக்குத் தாராளம்.

கே: புது டிராக்கர். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது. ஆனால் அணைத்து வைத்து எடுத்ததைவிட, ஓடவிட்டு எடுத்ததில்தான் கோடு நீளம். திருப்பி அனுப்பலாமா? (பாம்பன்)

அனுப்ப வேண்டாம். அதில் 'என்', 'எஸ்' என்று ஒரு தேர்வு இருக்கும். 'எஸ்' தென் அரைக்கோளத்துக்கு; அதில் வைத்தால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். 'என்'னுக்கு மாற்றுங்கள். கையேட்டையும் ஒரு தடவை படியுங்கள்.

கே: 5 கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. என் தொலைநோக்கி, கேமரா, வளையங்கள் எல்லாம் சேர்த்து 4.6 கிலோதான். ஆனாலும் பத்துப் படம் எடுத்தால் ஏழில் நட்சத்திரம் முட்டை முட்டையாக இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (தொண்டி)

இந்த எண்ணைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. அந்த 5 கிலோ, மோட்டார் திணறாமல் திருப்பக்கூடிய எடை. அவ்வளவு எடையோடு படம் கூர்மையாக வரும் என்பது அதற்கு அர்த்தமில்லை. விற்பவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும், "உங்க செட்டு 5 கிலோவுக்குள்ள தானே சார், தாராளமா தாங்கும்" என்று சொல்லி பில் போடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் தொலைநோக்கியின் குவியத்தூரம் 400 மி.மீ., கேமராவின் பிக்சல் 3.76 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக்சல் அளவை 206-ஆல் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று தெரியும். இங்கே அது சுமார் 1.9 ஆர்க்செகண்டு. ஒரு டிகிரியை 3600 கூறு போட்டால் ஒரு கூறுதான் ஆர்க்செகண்டு. இந்த விலை டிராக்கர்களில், பல்சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தால் மட்டுமே நட்சத்திரம் பல பத்து ஆர்க்செகண்டு முன்னும் பின்னும் போய்வரும். 50 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சலே 15 ஆர்க்செகண்டு, அதனால் அந்த ஆட்டம் பெரிதாகத் தெரியாது. 400-இல் மறைக்க வழியே இல்லை. இதன் மேல் காற்று வேறு. நீளமான குழாய், காற்றுக்கு நெம்புகோல் மாதிரி. வாடைக்காற்று லேசாகத் தட்டினாலும் ஒரு படம் போனது போனதுதான்.

அதனால், நம் கரையில் பெட்டியில் போட்ட எண்ணில் பாதியைத்தான் படத்துக்கான எடையாக நான் எடுத்துக்கொள்வேன். 'லேசானது' என்ற சொல்லையும் விடாதீர்கள். பல நேரம் மவுண்டின் தலை எடையை மட்டும் சொல்வார்கள். டிரைபாட், எதிர் எடை, பேட்டரி எல்லாவற்றையும் கூட்டி, பஸ்ஸிலிருந்து மணலைத் தாண்டிச் சுமக்கப்போகும் மொத்த எடையைக் கேளுங்கள்.

எதிர் எடையே வேண்டாம் என்று வரும் ஹார்மோனிக் கியர் மவுண்டுகள் நல்ல பொருள்தான். இசட்டபிள்யூஓவின் ஏஎம்3, தலை 3.9 கிலோ, எதிர் எடை இல்லாமலே 8 கிலோ தாங்கும் என்கிறார்கள். ஆனால் அந்தக் கியரின் ஏற்ற இறக்கத்தை ஒரு நட்சத்திரத்தையே கவனித்துக்கொண்டிருக்கும் இரண்டாவது கேமரா, அதாவது கைடு கேமரா, விடாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதன் செலவையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். பாரம் முழுக்க ஒரு பக்கம் தொங்குவதால், காற்றில் டிரைபாட் கவிழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதைக்குத் தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு 135 லென்ஸ் போடுங்கள். இரண்டு நிமிடப் படத்துக்குப் பதில் 30 வினாடிப் படங்களை நிறைய எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குங்கள். டிரைபாட் கால்களை நீட்டாமல் தாழ வையுங்கள். பாரத்தைக் கிழக்குப் பக்கம் ஒரு பொட்டு கூடுதலாக விட்டால் பல்சக்கரத்தின் பற்கள் இடைவெளி விடாமல் ஒட்டியே சுற்றும். விளம்பரத்தில் "5 கிலோ வரை துல்லியமான படம்" என்று எழுதியிருந்தால் அதைப் படம் எடுத்து வையுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்தையும் பிடிக்கும்.

கே: துருவ நட்சத்திரம் கண்ணிலேயே படுவதில்லை. மவுண்டும் 15 டிகிரிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. (ராமேஸ்வரம்)

துருவ நட்சத்திரத்தின் உயரம் நம் ஊரின் அட்சரேகைதான். ராமேஸ்வரத்துக்கு அது 9 டிகிரி சொச்சம். கையை முழுக்க நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால், முஷ்டியின் மேல்விளிம்பு ஏறக்குறைய 10 டிகிரி. அந்த உயரத்துக்குள் கடல் மூட்டமும் படகு விளக்கும் கலந்து கிடக்கும். வாங்கும் முன்பே, அச்சைச் சாய்த்து வைக்கும் அடிப்பகுதியான வெட்ஜைக் காட்டி, "இந்த வெட்ஜ் 9 டிகிரிக்கு இறங்குமா?" என்று கேட்டிருக்க வேண்டும். 15-இல் நின்றுவிடும் மவுண்டுகள் சந்தையில் இருக்கின்றன. வாங்கியாகிவிட்டது, சரி. டிரைபாட்டின் ஒரு காலை நேர் வடக்கே வைத்து, அதை மட்டும் குட்டையாக்குங்கள். மொத்தமும் வடக்கே சாயும், குறைகிற 6 டிகிரி கிடைத்துவிடும். பாரம் ஏற்றும் முன் கவிழ்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள்.

இடமும் முக்கியம். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் கரைகளில் கடல் தெற்கே. வடக்கே ஊர் விளக்கும் பனையும்தான் தெரியும். உங்கள் தீவில் வடகரைக்குப் போனால் பாக் நீரிணைக்கு மேல் திறந்த வானம். அப்படியும் தெரியவில்லையா? மாசி மாத முன்னிரவில், ஓரியனின் இடுப்பிலுள்ள மூன்றில் வடமேற்கு ஓரத்து நட்சத்திரம் உச்சியை நெருங்கும்போது அதில் கேமராவை வைத்துச் சில நிமிடம் கவனியுங்கள். அது தெற்கே நழுவினால் மவுண்டின் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அப்புறம் கிழக்கே தாழ்வாக இருக்கும் ஒரு நட்சத்திரம். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. முதல் தடவை ஒரு மணி நேரம் பிடிக்கும்.

இந்தச் சிரமத்துக்குப் பலன் உண்டு. டெல்லியில் அடிவானத்தை ஒட்டி மங்கிப்போகும் கரினா நெபுலா, நம் கரையில் 21 டிகிரி வரை எழும்புகிறது.

கே: மவுண்ட் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று காட்ட பச்சை லேசர் வாங்கி மவுண்டில் பொருத்தலாமா? (உச்சிப்புளி)

கூடாது. உங்கள் ஊரிலேயே கடற்படை விமானத்தளம் இருக்கிறது. விமானியின் கண்ணில் பட்டால் விபரீதம்.

கே: துபாயிலிருந்து தம்பி வாங்கி வந்தான். நான்கே மாதத்தில் மோட்டார் நின்றுவிட்டது. இங்குள்ள விற்பனையாளர் உத்தரவாதம் கிடையாது என்கிறார். பில்லும் இல்லை. (கீழக்கரை)

பில்லை வாங்கி வைக்காதது உங்கள் தவறு. வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும் உத்தரவாதமா என்று தம்பி அங்கேயே கேட்டிருக்க வேண்டும். இங்குள்ளவர் உங்களுக்கு விற்கவில்லை, அவரைக் குறைசொல்ல முடியாது. அட்டையில் பணம் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கிலிருந்து தேதியும் கடைப் பெயரும் எடுக்கலாம். அதை வைத்து அந்தக் கடையிலேயே பில் நகல் கேளுங்கள்.

கே: ஆன்லைனில் வாங்கினேன். அச்சு ஒரு இடத்தில் சிக்குகிறது. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். (சாயல்குடி)

பெட்டியைப் பிரிக்காமல் குறையை எப்படிப் பார்ப்பது? பழுதான பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. சிக்கும் இடத்தை வீடியோ எடுத்து, அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விடாதீர்கள்.

கே: கல்லூரி மாணவன். பழைய டிராக்கருக்கு 18,000 ரூபாயை யுபிஐயில் அனுப்பினேன். பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்தது. விற்பதாகச் சொன்னவர் போனை அணைத்துவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. (ராமநாதபுரம்)

தம்பி, முதலில் வீட்டில் சொல். ஏமாற்றியது அவன், நீ தலைகுனிய எதுவும் இல்லை. இதைப் படித்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைத்துப் பரிவர்த்தனை எண்ணைக் கொடு. பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்புண்டு. வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடு. அவனோடு பேசிய எதையும் அழிக்காதே. "பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் அனுப்பு" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாயும் அனுப்பாதே.

அடுத்த தடவை பழைய டிராக்கர் பார்க்கும்போது நேரில் போ. கேமரா பொருத்தும் முனையைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார். 'டக் டக்' என்று தளர்வு தெரிந்தால் வேண்டாம். ஓடவிட்டு முனையில் ஒரு பென்சில் கோடு போட்டு வை. ஒரு மணி நேரத்தில் 15 டிகிரி திரும்பியிருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு பணத்தை எடு.

கே: ஒரே வருடத்தில் திருகெல்லாம் துரு. (ஏர்வாடி)

உப்புக்காற்று. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காற்றாடியில் ஒரு மணி நேரம் காயவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் பெட்டிக்குள்ளேயே துரு பிடிக்கும். பல்சக்கரத்துக்குள் ஸ்ப்ரே எண்ணெய் அடிக்காதீர்கள், கிரீஸ் கரைந்துவிடும்.

கே: பவர்பேங்க் போட்டால் சிறிது நேரத்தில் டிராக்கர் நின்றுவிடுகிறது. (தங்கச்சிமடம்)

டிராக்கர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துப் பவர்பேங்க் தானே அணைந்துவிடுகிறது. குறைந்த மின்சாரத்துக்கான முறை உள்ள பவர்பேங்க் வாங்குங்கள். அதுவரை டிராக்கருக்குள் பென்சில் பேட்டரி போட்டு எடுங்கள்.